ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும்

மே 26, திங்கள்

இன்றும் போன் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று, கேஸ் ஏஜென்சிக்காரர்கள் கூப்பிட்டது.

கோடவுனில் இருந்த கட்டில் மெத்தைகளை எல்லாம் வெளியே இழுத்து வெயிலில் போட்டோம். ரெக்சின் உறைகளை டெட்டால் தண்ணீரால் துடைத்தேன். எல்லாக் கட்டில்களும் ஒரே நேரத்தில் கடையில் இருப்பதை இதற்கு முன்னால் பார்த்ததாக நினைவில்லை. நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர், ஆக்ஸிஜன் மிஷின் என்று எது திரும்பி வந்தாலும் இரண்டு நாளில் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். வாடகைத் தொழில் என்றால் அப்படித்தான்.

"ஊர்ல எல்லாருக்கும் ஒரேயடியா சொகமாயிட்டு போல அக்கா" என்றான் பேச்சிமுத்து. குட்டியானை வண்டி ஓட்டுவதும் கட்டில் ஏற்றி இறக்குவதும் அவன்தான். சிரிப்பதற்காகச் சொன்னான். சிரித்தேன்.

போன் அடிக்காதது முதலில் கஷ்டமாக இல்லை. வருஷக்கணக்கில் அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் மறுமுனையில் யாராவது அழுதுகொண்டோ அவசரத்திலோ இருப்பார்கள். இப்போது சோற்றை ஆறவிடாமல் சாப்பிட முடிகிறது. ஆனால் பேச்சிமுத்துவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

மே 28, புதன்

ரெனிட்டா சென்னை ஹாஸ்டலிலிருந்து பேசினாள். வியாபாரம் எப்படி என்றாள். மந்தம் என்றேன். பேசிக்கொண்டே அங்கிருந்து கூகுளில் தேடியிருக்கிறாள்.

"அம்மா, நம்ம கடை வரவே இல்லையே. 'பாளையங்கோட்டை ஆக்ஸிஜன் மிஷின் வாடகை'ன்னு போடுதேன். மதுரைக் கடை வருது, நாகர்கோவில் கடை வருது. நம்மளைக் காணோம். கடை பேரைப் போட்டாகூடக் காணோம்."

முன்பெல்லாம் முதலில் வருவோம். கடை மெயின் ரோட்டில் இல்லை. எங்களைத் தேடி வந்தவர்கள் எல்லாம் அந்த இணையதளத்தைப் பார்த்து வந்தவர்கள்தான்.

ஏப்ரலில் தளத்தைப் புதிதாக மாற்றிக் கட்டினோம். அதிலிருந்துதானா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

மே 29, வியாழன்

தளம் கட்டிக் கொடுத்த டிசைன் ஆபீசுக்குப் போனேன். வேலையைப் பார்த்த தம்பி நின்றுவிட்டானாம். புதிதாக ஒப்பந்தம் போட்டால் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். திரும்பி வரும் வழியில் கீரை வாங்கினேன்.

மே 30, வெள்ளி

நானே பார்ப்பது என்று உட்கார்ந்தேன். தளத்தின் உள்ளே நுழைய, கணக்கு என் வீட்டுக்காரர் லூர்து பெயரில் இருக்கிறது. கடவுச்சொல் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு ஓர் எண் கேட்கிறது. அது அவர் போனுக்குத்தான் வரும். டிசைன் ஆபீஸ்காரர்கள் வேலை செய்தபோது அவர்களே அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அவர் சென்னையில் இருக்கிறார். கம்பெனி வேலை. லீவு கிடைப்பதில்லை. பழைய தளத்தைக் கட்டியது அவர்தான். ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து எழுதியதும் அவர்தான்.

வெகு நாளைக்கு அப்புறம் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஓடிபி வந்திருக்கா?" என்றேன்.

"வந்திருக்கு. என்ன ஆச்சு?"

சொன்னேன். எண்ணைச் சொல்லிவிட்டு, "எந்தப் பக்கத்தையாவது தொற. கண்ட்ரோலையும் யூவையும் சேத்து அமுக்கு. பின்னாடி இருக்க புரோகிராம் கோடு முழுக்க வரும். அதுல 'நோஇண்டெக்ஸ்'னு ஒரு வார்த்தை இருக்கா பாரு" என்றார்.

இருந்தது.

"அது என்னது?"

"தேட வர்ற இயந்திரத்துக்கிட்ட, இந்தப் பக்கத்தை உன் பட்டியல்ல சேக்காதேன்னு சொல்லுத வார்த்தை. தளம் பாதி கட்டிக்கிட்டு இருக்கும்போது யாரும் பாக்கக் கூடாதுன்னு போடுவாங்க. வேலை முடிஞ்சதும் எடுக்கணும். எடுக்காம விட்டுட்டான்."

அமைப்புகளில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக். எடுத்துவிட்டுச் சேமித்தேன். இத்தனை வாரமாக நாங்களே வாசலில் நின்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"இனி வந்திருமா?"

"ஒடனே வராது. அது திரும்ப வந்து பாக்கணும். கூகுள்லயே சர்ச் கன்சோல்னு ஒண்ணு இருக்கு, அதுல பதிஞ்சு, முக்கியமான பக்கங்களை வந்து பாருன்னு கேக்கலாம். கேட்டாலும் அதுக்கு நேரம் வரும்போதுதான் வரும்."

அவர் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. மெஸ்ஸில் சாப்பிடுவதாகத்தான் ரெனிட்டாவிடம் சொல்லியிருக்கிறார். மெஸ்ஸிலும் குக்கர் இருக்கும்.

ஜூன் 2, திங்கள்

சர்ச் கன்சோலில் பதிந்தேன். தளம் நம்முடையதுதான் என்று நிரூபிக்க, டொமைன் கணக்கில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். டொமைன் என்பது தளத்தின் பெயர். அதுவும் அவர் கணக்கில்தான். மறுபடி ஓடிபி. இந்த முறை வேறு எதுவும் பேசவில்லை.

ஏன் தளத்தை மாற்றினாய், நன்றாகத்தானே இருந்தது என்று ரெனிட்டா கேட்டாள். பழைய தளத்தின் நிறம் மங்கல். எழுத்து சின்னது. எல்லாப் பக்கத்திலும் மேலே அவர் போட்டோ இருந்தது, இடத்தை அடைத்துக்கொண்டு. டிசைன் தம்பி, "சார் போட்டோவைப் புதுசுலயும் வச்சிருவோமா?" என்றபோது, வேண்டாம், இடம் வீணாகும் என்றேன். இதெல்லாம் சாதாரணக் காரணங்கள்தான்.

ஜூன் 4, புதன்

ஆக்ஸிஜன் மிஷின்களின் ஃபில்டர்களைக் கழுவிக் காயப்போட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் ஒருவர் வாக்கர் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். மொட்டை அடித்திருந்தார். அம்பாசமுத்திரம் பக்கம். பெயர் சுடலையாண்டி.

"கடை இருக்கா?" என்றார். திறந்திருக்கும் கடைக்கு முன்னால் நின்று அப்படிக் கேட்டது விசித்திரமாக இருந்தது.

"இருக்குண்ணே. வாங்க."

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது இந்த வாக்கரை வாங்கிப் போயிருக்கிறார். பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில், இனி மருந்தால் ஆவது ஒன்றும் இல்லை, வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்துக்கொள்ள முடிந்தால் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஒங்க நம்பர் என் பழைய போனோட போயிட்டு. தங்கச்சி பெங்களூர்ல இருக்கா. அவ சளி ஆரம்பிச்சப்பவே ஒங்க லிங்கை வாட்ஸ்அப்புல அனுப்பியிருந்தா, ஆக்ஸிஜன் மிஷினை வீட்ல எப்படி வைக்கணும்னு விளக்கமா போட்டிருப்பீங்கள்லா, அந்தப் பக்கம். அதைத் தொட்டா, பக்கம் இல்லைங்கு. தேடிப் பாத்தோம், எங்கயும் வரல. சரி, மூடிட்டாவ போலன்னு விட்டுட்டோம். ஆஸ்பத்திரிய விட்டு நகர முடியாது, நேர்ல வந்து பாக்கவும் ஆள் இல்ல. மதுரைல சொல்லி வச்சோம். அவங்க ரெண்டு மூணு நாள் ஆகும்னாங்க."

ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன். உட்காரவில்லை.

"வீட்டுக்குப் போணும், வீட்டுக்குப் போணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. அங்கனயே முடிஞ்சு போச்சு."

வாக்கரைச் சுவரில் சாய்த்து வைத்தார். அதன் கால்களைத் துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். தாமதத்துக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். டீ வாங்கி வரச் சொல்லிப் பேச்சிமுத்துவை அனுப்பினேன். அவன் வருவதற்குள் சுடலையாண்டி போய்விட்டார்.

மூன்று மிஷின்கள் ஷெல்ஃபில் நின்றுகொண்டிருந்தன. போன மாதம் முழுக்க நின்றிருந்தன. நான் நன்றாகத் தூங்கிய மாதம்.

ஜூன் 7, சனி

காலையிலேயே லூர்துவைக் கூப்பிட்டேன். சுடலையாண்டி வந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் நான் எழுதுனது" என்றார்.

"தெரியும்."

"புதுத் தளத்துல ஒவ்வொரு பக்கத்துக்கும் முகவரிய மாத்திட்டான். பழைய முகவரிக்கு வந்தவங்களைப் புதுசுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு வழி வைக்கணும். நிரந்தரத் திருப்பல்னு சொல்லுவாங்க, முன்னூத்தி ஒண்ணு. அது வைக்கல. கன்சோல்ல 'காணப்படவில்லை'ன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதுல ஒண்ணொண்ணா எடு. எல்லாத்தையும் மொத்தமா முகப்புக்குத் திருப்பி விட்டுறாத. மிஷின் தேடி வந்தவனை மிஷின் பக்கத்துலயே கொண்டு விடணும்."

"பழைய பக்கத்துல இருந்த விளக்கம் புதுசுல இல்லையே. அவன் ரெண்டு வரி இங்கிலீஷ்ல போட்டு முடிச்சிட்டான்."

"பழசு பேக்கப்புல இருக்கும். தேடு. எடுத்துப் போடு."

"போடுதேன்."

அவர் பின்னால் ஒரு பெண் குரல், "என்னங்க, தோசை ஆறுது." டிவியை அவர் எப்போதும் சத்தமாகத்தான் வைப்பார்.

மதியத்திலிருந்து இருட்டும்வரை பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் புதியவற்றோடு சேர்த்தேன். பேக்கப்பில் பழைய எழுத்தெல்லாம் பத்திரமாக இருந்தது. 'மிஷினைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அதுவும் மூச்சு விட வேண்டும். அதே அறையில் விளக்கு ஏற்றாதீர்கள், சாம்பிராணி போடாதீர்கள். கரண்டு போனால் பதறாமல் இருக்க, சிலிண்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.' அப்படியே அவர் பேசுவது போல இருக்கும். ஒரு வரிகூட மாற்றவில்லை. மாற்றத் தேவையில்லாதபடி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பக்கமாகக் கன்சோலில் கொடுத்து, 'வந்து பார்க்கக் கோருக' என்ற பொத்தானை அழுத்தினேன்.

கண் எரிகிறது. திரை வெளிச்சம்.

ஜூன் 9, திங்கள்

முகப்புப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சுவர் அகலத்துக்கு அச்சடிக்கும் அளவுள்ள படம். என் கம்ப்யூட்டரில் சட்டென்று வந்துவிடும். பேச்சிமுத்துவின் போனில் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"சுத்திக்கிட்டே இருக்கு அக்கா. பாதி தலைதான் வந்திருக்கு."

கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, சரியாக சிக்னல் இல்லாத போனில் தேடுகிறவர்கள். நர்ஸை எடுத்துவிட்டு, எங்கள் கட்டிலையே போட்டோ எடுத்து, அளவைச் சுருக்கிப் போட்டேன். இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடை போன் நம்பர் படத்துக்குள் எழுத்தாக வரையப்பட்டிருக்கிறது. விரலால் தொட்டால் அழைப்பு போகாது. பார்த்து மனப்பாடம் பண்ணித்தான் அடிக்க வேண்டும். தேட வருகிற இயந்திரத்துக்கும் படத்துக்குள் இருப்பதைப் படிப்பது சிரமமாம். அதை எழுத்தாக மாற்றி, தொட்டால் அழைப்பு போகும்படி வைத்தேன்.

ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் 'முகப்பு' என்றே இருந்தது. கட்டில் பக்கத்துக்குக் கட்டில் என்றும், மிஷின் பக்கத்துக்கு மிஷின் என்றும், ஊர் பெயரோடு மாற்றினேன். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். வருகிறவர் எந்த நிலைமையில் வருகிறார் என்று நினைத்துப் பார்த்தாலே போதும் போலிருக்கிறது.

பேச்சிமுத்து மறுபடி திறந்தான். "ஆ, வந்துட்டு" என்றான். நம்பரைத் தொட்டான். மேஜை மேலிருந்த போன் அடித்தது. பல நாள் கழித்து அந்தச் சத்தம். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன்தான் கட் பண்ணினான்.

ஜூன் 11, புதன்

பக்கங்களின் முகவரிகளை எல்லாம் வரிசையாகச் சொல்லும் ஒரு கோப்பு வேண்டும், சைட்மேப் என்று பெயர். அதை உருவாக்க உள்ளே போனேன். ஓடிபி. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அவர் குளிக்கிறாருங்க" என்றாள். சென்னைப் பேச்சு.

நான் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளே, "ஓடிபிதானேக்கா? இப்பத்தான் வந்துது. நான் படிச்சு சொல்லவா?" என்றாள்.

"சொல்லுங்க" என்றேன்.

எண்களை இரண்டிரண்டாகப் பிரித்து, நிறுத்திச் சொன்னாள். தவறில்லாமல் அடிக்க முடிந்தது. "போயிடுச்சாக்கா?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். நல்ல குரல்.

சைட்மேப்பைக் கொடுத்து முடித்தேன். பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்தது.

ஜூன் 12, வியாழன்

தலைவலி. கடையைத் திறந்தது பேச்சிமுத்து.

ஜூன் 14, சனி

ரெனிட்டா பேசினாள். போன ஞாயிறு அப்பாவைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். எங்கே என்றேன். வெளியே, ஹோட்டலில் என்றாள். அவர் வீட்டுக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. ரூமில் நான்கு பேர் தங்கியிருப்பதால் இருக்கும்.

"அம்மா, ஒனக்குத் தெரியும்லா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல." பிறகு, "நீ ஏம்மா ஒவ்வொரு தடவையும் அவர்ட்ட போய் நிக்க? டொமைனை ஒம் பேருக்கு மாத்திக்கோ. ஒரு தளத்துக்குப் பேரு யார் கணக்குல இருக்கோ அவங்கதான் ஓனர். நாளைக்கு அவர் புதுப்பிக்க மறந்தா மொத்தமாப் போயிரும், நீ பண்ணுன இவ்வளவு வேலையும்" என்றாள்.

அவர் அப்படி மறக்கிற ஆள் இல்லை என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கூப்பிட்டேன். அவரே எடுத்தார்.

"ஓடிபி ஒண்ணும் வரலையே" என்றார்.

"ஓடிபிக்கு இல்ல. டொமைனையும், தளம் இருக்க ஹோஸ்டிங்கையும் என் கணக்குக்கு மாத்திக் கொடுங்க."

"ஏன்? நீ கேட்டு நான் எப்ப சொல்லாம இருந்திருக்கேன்?"

"சொன்னீங்க. இனிமே என் போனுக்கு வரட்டும்."

"ஜெசி, அன்னைக்கு போனை எடுத்தது..."

"எண்ணைத் தெளிவாச் சொன்னாங்க. ஒரு கஷ்டமும் இல்ல."

தெருவில் தண்ணீர் லாரி போனது.

"சாயங்காலம் பண்ணிருதேன்" என்றார். "ஒனக்கு ஒரு மெயில் வரும். அதுல சம்மதம்னு அமுக்கணும். அமுக்கலன்னா அஞ்சு நாள்ல காலாவதி ஆயிரும், திரும்ப நான் முதல்லருந்து அனுப்பணும்."

"சரி."

"வேற ஏதாவது சந்தேகம் வந்தா கூப்பிடு."

வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

மெயில் திங்கள் மாலையே வந்துவிட்டது. கடையில் வேலை, அமுக்க நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று மதியம் அமுக்கினேன். என் போனுக்கு ஓர் எண் வந்தது. அதை நானே பார்த்து நானே அடித்தேன். முடிந்துவிட்டது. ரசத்துக்குப் புளி கரைத்து வைத்திருந்தது, வேறு வேலையில் மறந்து அப்படியே இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

போன் வந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். அம்மாவுக்குப் பக்கவாதம், நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். தலைப்பக்கம் தூக்குகிற கட்டில் வேண்டும். மாலைக்குள் இன்னும் இரண்டு அழைப்புகள். ஒன்று மிஷின்.

பேச்சிமுத்து குட்டியானைக்கு டீசல் போடப் போகிறேன் என்றவன், போய் வண்டியையே கழுவிக்கொண்டு வந்திருக்கிறான்.

ஜூன் 25, புதன்

தென்காசிக்கு நானும் போனேன். பேச்சிமுத்து இரும்புச் சட்டங்களைப் பொருத்தினான். அந்த அம்மாவை வீல் சேரிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது, எங்கே பிடிக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே துணியை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மகளுக்குச் செய்து காட்டினேன். அவள் பெயர் வேலம்மாள். முதல் தடவை துணி நழுவிவிட்டது. இரண்டாவது தடவை சரியாகத் தூக்கிவிட்டாள். அம்மா கண்ணை மூடித் திறந்தார், பேச்சு வரவில்லை.

காபி கொடுத்தபோது, எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போன்ல தேடுனோம்க்கா. நாலஞ்சு கடை வந்துச்சு. ஒங்க பேருக்குக் கீழதான் 'கணவனும் மனைவியுமாக நடத்தும் கடை, வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவோம்'னு போட்டிருந்துச்சு. பொம்பளை ஆளும் வருவாங்க, அம்மாவைத் தொட்டுத் தூக்க ஒத்தாசையா இருக்கும்னு ஒங்களைக் கூப்பிட்டேன்." பிறகு வாசல் பக்கம் பார்த்து, "சார் வரலியாக்கா?" என்றாள்.

சென்னையில் வேலை என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

"இல்ல. நான் மட்டும்தான்" என்றேன்.

பேச்சிமுத்து ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவன் ஒரு நொடி நிறுத்தினான். பிறகு போட்டான்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். வேலம்மாள் சொன்னது அப்படியே இருந்தது. அந்த வரி பக்கத்தில் எங்கும் இல்லை. பின்னால் கோடுக்குள், தேடலில் மட்டும் காட்டுவதற்கென்று எழுதி வைக்கிற சிறு விவரம் அது. அவர் போட்டோவை நீக்கிய டிசைன் தம்பி, அதைப் பழையதிலிருந்து அப்படியே நகல் எடுத்துப் போட்டிருக்கிறான். தளம் தேடலுக்குத் திரும்பி வந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது.

மாற்றி எழுத வெகு நேரம் ஆனது. கடைசியில் இப்படி வைத்தேன்: 'பாளையங்கோட்டையில் நோயாளிக் கட்டில், ஆக்ஸிஜன் மிஷின் வாடகைக்கு. வீட்டுக்கே வந்து பொருத்தி, நோயாளியைத் தூக்கிப் படுக்கவைக்கவும் சொல்லித் தருவேன்.' முதலில் 'தருவோம்' என்று அடித்திருந்தேன்.

சேமித்துவிட்டேன். தேடலில் பழைய வரி உடனே போகாது. இயந்திரம் அடுத்த முறை வந்து பார்க்கும்வரை அங்கேயே இருக்கும். மற்ற எல்லாப் பக்கங்களுக்கும், வந்து பார்க்கச் சொல்லும் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். இதற்கு மட்டும் அழுத்தவில்லை. அதற்கு நேரம் கிடைக்கும்போது வந்து பார்த்துக்கொள்ளட்டும்.